மூன்கேக் செய்யப் போகிறீர்களா? பாகை இப்போதே காய்ச்சி வையுங்கள்

சீனர்களின் நடு இலையுதிர்கால விழாவுக்குச் செய்கிற, உள்ளே விழுது வைத்த பண்டமான மூன்கேக்கை வீட்டிலேயே செய்து பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்கள் பல பேர் விழாவுக்கு முதல் நாள்தான் செய்முறை தேடுகிறார்கள். அன்றைக்குச் செய்தால் ஏதோ ஒரு கேக் வரும், மூன்கேக் வராது. பாகு ஒரு மாதம் கிடக்க வேண்டும், உப்பு முட்டைக்கும் ஏறக்குறைய அதே அளவு நாள் வேண்டும், எல்லாம் முடிந்து சுட்டு எடுத்த பிறகும் இரண்டு மூன்று நாள் டப்பாவுக்குள் இருந்தால்தான் மேல்தோல் இளகி மினுமினுப்பாகும். அதனால் விழா நாள் எது என்று முதலில் பார்த்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி நாள் எண்ணிக்கொள்ளுங்கள்.

சீனச் சந்திர நாட்காட்டியில் எட்டாம் மாதத்தின் 15ஆம் நாள்தான் விழா. ஏழு, எட்டு, ஒன்பது ஆகிய மூன்று மாதங்களும் அவர்களுக்கு இலையுதிர்காலம், அதில் நட்டநடுவே வருகிற நாள் என்பதால் நடு இலையுதிர்கால விழா, சீனத்தில் ஜோங்ச்சியு. நெல்லும் பழங்களும் வீட்டுக்கு வந்து சேர்கிற அறுவடைக் காலம் அது. 2025இல் சந்திரக் கணக்கில் கூடுதலாக ஒரு மாதம் (அதிக மாதம்) வந்ததால் அக்டோபர் 6 வரை தள்ளிப்போனது. 2026இல் செப்டம்பர் 25, 2027இல் செப்டம்பர் 15. சீனாவில் 2008 முதல் இதற்கு அரசு விடுமுறை உண்டு. இன்னொன்று, 15ஆம் நாள் என்றால் அன்றே பௌர்ணமி என்று நினைத்துவிடாதீர்கள். 2026இல் நம் ஊர்க் கணக்கில் பௌர்ணமி மறுநாள் இரவுதான். 15ஆம் நாள் நிலா 16ஆம் நாள்தான் வட்டமாகும் என்று சீனர்களே சொல்வார்கள், ஆகவே வேலை நாளாக இருந்தால் ஒரு நாள் தள்ளி நிலா பார்க்க மேசை போட்டாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

எந்த வகை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மூன்கேக் என்றதும் நம் கண்முன் வருகிற, மேலே எழுத்தும் பூவும் அச்சடித்த, பழுப்பு நிறப் பளபளப்பு உருண்டை குவாங்டாங் மாநிலத்து வகை. ஹாங்காங், சிங்கப்பூர், மலேசியாவில் கடைகளில் அதிகம் பார்ப்பது இதைத்தான். ஆனால் சீனாவுக்குள்ளேயே ஊருக்கு ஒரு வகை இருக்கிறது. சூஜோவில் அடுக்கடுக்காக உதிர்கிற தோல், உள்ளே பன்றிக்கறி வைத்துச் சுடச்சுடத் தருவார்கள், ஷாங்காயில் இதற்குக் கடைவாசலில் வரிசை நிற்கும். யுன்னானில் உள்ளே உப்பிட்டுப் பதப்படுத்திய ஹாம், அதோடு தேனும் சர்க்கரையும். சாவ்ஜோ வகையில் சேப்பங்கிழங்கு விழுது, மேலே சுருள் சுருளாக அடுக்குத் தோல். பெய்ஜிங்கில் எள் எண்ணெய் வாசனையோடு ஒரு எளிமையான வகை. ஐந்து பருப்பு மூன்கேக் என்று ஒன்று உண்டு, அக்ரூட், பாதாம், எள், வேர்க்கடலை, முலாம்பழ விதை எல்லாம் போட்டது, இதைச் சீன இளைஞர்கள் இணையத்தில் வறுத்தெடுக்கிறார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும், தித்திப்பு திகட்டாமல் மெல்லுவதற்கு ஏதாவது இருக்கிற ஒரே மூன்கேக் அது.

சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அடுக்குத் தோல் வகைகள் பெரும்பாலும் பன்றிக்கொழுப்பில் செய்வது. வெளியே இனிப்புப் பண்டம் மாதிரித்தான் தெரியும். கடையில் வாங்கினால் கேட்டு வாங்குங்கள், அல்லது பெட்டியில் உள்ள பட்டியலைப் படியுங்கள்.

இங்கே குவாங்டாங் வகையைத்தான் சொல்லப்போகிறேன், தாமரை விதை விழுது வைத்து, 50 கிராம் அச்சில், சுமார் 12 வரும்.

ஒரு மாதம் முன்பு: பாகும் முட்டையும்

400 கிராம் சர்க்கரை, 200 மில்லி தண்ணீர். கரைந்து கொதி வந்ததும் 50 மில்லி எலுமிச்சைச் சாறு ஊற்றித் தீயைக் குறைத்துவிடுங்கள், அப்புறம் கரண்டி போட்டுக் கிண்டவே கூடாது, கிண்டினால் சர்க்கரை மறுபடி பூத்துப்போகும். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டுகிற சர்க்கரையைத் தண்ணீரில் நனைத்த பிரஷ்ஷால் கீழே வழித்துவிட்டால் போதும். முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை மெதுவாகக் கொதிக்கட்டும், நிறம் கட்டன் சாயா அளவுக்கு வர வேண்டும். சமையல் வெப்பமானி இருந்தால் 112இலிருந்து 115 டிகிரிக்குள் இறக்குங்கள். இல்லையென்றால் ஒரு சொட்டைத் தட்டில் விட்டு ஆறவைத்துப் பாருங்கள், தேன் அளவுக்குத் தடித்திருந்தால் சரி. சூட்டில் பார்க்கும்போது தண்ணியாகத்தான் இருக்கும், அதை நம்பி இன்னும் காய்ச்சினால் ஆறிய பிறகு கம்பி கம்பியாக இழுபடும், மாவு பிசைய உதவாது.

இதில் எலுமிச்சையின் வேலை புளிப்புக்காக அல்ல. அமிலம் சர்க்கரையை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாக உடைக்கிறது, அந்தக் கலவை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால்தான் மூன்கேக்கின் தோல் நாள்கணக்கில் காயாமல் இருக்கிறது. கண்ணாடிச் சீசாவில் ஊற்றி மூடி வெளியிலேயே வையுங்கள். நாளாக நாளாக நிறம் கூடும். சீனப் பேக்கரிகளில் வருடக்கணக்கில் வைத்த பாகெல்லாம் உண்டு, நமக்கு ஒரு மாதம் போதும். நேரமே இல்லை என்றால் கடையில் கிடைக்கிற கோல்டன் சிரப்பை வாங்கிக்கொள்ளலாம், குடி முழுகாது.

உப்பு முட்டைக்கு வாத்து முட்டைதான் வேண்டும், மஞ்சள் கரு பெரிது, கொழுப்பும் அதிகம். ஒரு பங்கு உப்புக்கு நான்கு பங்கு தண்ணீர் கொதிக்கவைத்து நன்றாக ஆறவிட்டு, கீறல் இல்லாத முட்டைகளைக் கழுவித் துடைத்து அதில் முழுக விடுங்கள். முட்டை மேலே மிதக்கும், ஒரு சின்னத் தட்டையோ தண்ணீர் நிரப்பிய பையையோ மேலே வைத்து அமுக்க வேண்டும். 25 முதல் 30 நாள். உடைத்துப் பார்த்தால் வெள்ளைக் கரு தண்ணியாகவும் மஞ்சள் கரு கெட்டியான ஆரஞ்சுக் கோலியாகவும் இருக்கும். அந்தக் கோலியை மட்டும் எடுத்துக் கழுவி, கொஞ்சம் அரிசி மது தெளித்து, 170 டிகிரியில் எட்டு நிமிடம் அவனில் (பேக்கிங் அடுப்பில்) வைத்து எடுத்தால் கவுச்சி வாடை போய் ஓரத்தில் எண்ணெய் பொரிந்து நிற்கும். முட்டை சாப்பிடாதவர்கள் இந்தப் பத்தியையே விட்டுவிடலாம், மஞ்சள் கரு இல்லாத மூன்கேக்கும் முறையான மூன்கேக்தான். நடுவில் இருக்கிற மஞ்சள் கரு நிலாவைக் குறிக்கிறது என்பார்கள். இரண்டு கரு வைத்தது, நான்கு கரு வைத்தது என்று கடைக்காரர்கள் விலை ஏற்றுவதைப் பார்த்து மயங்க வேண்டாம், ஒன்றுக்கு மேல் போனால் இனிப்பு எது உப்பு எது என்று தெரியாமல் போகும்.

ஒரு வாரம் முன்பு: தாமரை விதை விழுது

இங்கேதான் நம் ஊரில் ஒரு குழப்பம் நடக்கும். தாமரை விதை என்று கேட்டால் பல கடைகளில் பொரித்த மக்கானாவை எடுத்துக் கொடுப்பார்கள். மக்கானா தாமரையே அல்ல, அது வேறொரு நீர்ச்செடியின் விதை, அதைப் பொரித்து உப்பவைத்த பிறகு அரைத்தால் பஞ்சுதான் வரும். உங்களுக்கு வேண்டியது காய்ந்த, கெட்டியான, வெளிர் மஞ்சளில் இருக்கிற உண்மையான தாமரை விதை, ஆசிய மளிகைக் கடைகளில் கிடைக்கும்.

200 கிராம் விதையை இரவு ஊறவைத்து, காலையில் ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிளந்து நடுவில் இருக்கிற பச்சை முளையை எடுத்துவிட வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனாலும் விடாதீர்கள், முளை நாலைந்து உள்ளே தங்கிவிட்டால்கூட மொத்த விழுதும் கசக்கும். குக்கரில் குழைய வேகவைத்து, தண்ணீர் அதிகம் இல்லாமல் மிக்சியில் வெண்ணெய் போல அரைத்து, அடிகனமான வாணலியில் 150 கிராம் சர்க்கரையோடு போட்டுக் கிளறுங்கள். கடலை எண்ணெய் 100 கிராம், ஒரேயடியாக ஊற்றாமல் நாலைந்து தடவையாக, ஊற்றியதை விழுது குடித்து முடித்த பிறகு அடுத்தது. அல்வா கிண்டத் தெரிந்தவர்களுக்கு நான் பதம் சொல்லித்தர வேண்டியதில்லை, சட்டியில் ஒட்டாமல் ஒன்றாகச் சுருண்டு வர வேண்டும், கையில் எடுத்து உருட்டினால் விரலில் ஒட்டக் கூடாது. இந்த இடத்தில் அவசரப்பட்டு இறக்கினால் உள்ளே ஈரம் தங்கிவிடும், அந்த ஈரம் அவனில் ஆவியாகித் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். ஆறியதும் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் இருக்கும்.

தாமரை விதை கிடைக்கவில்லையா? பாசிப்பருப்பை வேகவைத்து இதே முறையில் கிளறுங்கள். பாசிப்பருப்பு விழுது சீன மூன்கேக்கில் வழக்கமாக வைப்பதுதான், நாமாகக் கண்டுபிடித்த மாற்று வழி இல்லை. அவர்கள் வைக்கிற சிவப்புப் பயறுக்குப் பதிலாகச் சிவப்புக் காராமணியும் ஒத்துப்போகும்.

மூன்று நாள் முன்பு: மாவு, அச்சு, அவன்

பாகு 70 கிராம், கடலை எண்ணெய் 25 கிராம், காரநீர் அரைத் தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. இவற்றை நன்றாகக் கலக்கிய பிறகு 100 கிராம் மைதாவைச் சலித்துப் போட்டு, பிசையாமல் கரண்டியால் மடித்து மடித்துச் சேருங்கள். பரோட்டா மாவு மாதிரி அடித்துப் பிசைந்தால் இழுவை வந்து, சுடும்போது சுருங்கி அச்சு அழிந்துவிடும். மூடி ஒரு மணி நேரமாவது, முடிந்தால் மூன்று மணி நேரம் விடுங்கள்.

காரநீர் என்பது பொட்டாசியம் கார்பனேட் அல்லது சோடியம் கார்பனேட் கரைத்த தண்ணீர், சீனர்கள் நூடுல்ஸுக்கும் சேர்ப்பார்கள், சீனப் பொருள்கள் விற்கிற கடையில் சின்ன பாட்டிலில் இருக்கும். பாகில் இருக்கிற எலுமிச்சைப் புளிப்பை அடக்குவதும் தோலுக்கு அந்தப் பழுப்பு நிறத்தைக் கொடுப்பதும் இதன் வேலை. கிடைக்காவிட்டால் ஆப்ப சோடாவைத் தட்டில் பரப்பி 120 டிகிரி அவனில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்து, ஒரு தேக்கரண்டிக்கு நாலு தேக்கரண்டி தண்ணீர் சேர்த்துக் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். வெறும் கையால் தொட வேண்டாம், காரம் அதிகம். குழாய் அடைப்பு நீக்க விற்கிற காஸ்டிக் சோடா வேறு, அதை எக்காரணம் கொண்டும் சமையலறைப் பக்கம் கொண்டுவராதீர்கள். அளவு கூடினால் தோல் கறுத்துச் சோப்பு வாடை அடிக்கும், அதனால் ஊற்றுவதற்கு முன் அளந்து ஊற்றுங்கள்.

மாவை 15 கிராம் உருண்டைகளாகவும், விழுதையும் மஞ்சள் கருவையும் சேர்த்து 35 கிராம் உருண்டைகளாகவும் எடை போட்டு உருட்டி வையுங்கள், கண் அளவு வேண்டாம். முதல் தடவை செய்கிறவர்கள் மாவை 18 கிராம் வைத்துக்கொண்டால் மூடுவது சுலபம். மாவை உள்ளங்கையில் தட்டி விழுதை நடுவில் வைத்து, இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருண்டையைச் சுழற்றிக்கொண்டே வலது கையால் மாவை மேலே மேலே தள்ளிக்கொண்டு போக வேண்டும். இழுத்து மூடப் பார்த்தால் கிழியும், தள்ளினால் அது தானாக ஏறி வாய் மூடிக்கொள்ளும். கொழுக்கட்டை பிடித்துப் பழகிய விரல்களுக்கு இரண்டாவது உருண்டையிலேயே பிடிபட்டுவிடும்.

உருண்டையை மைதாவில் லேசாகப் புரட்டி, மேலே ஒட்டிய மாவைத் தட்டிவிட்டு, அழுத்துகிற பிளாஸ்டிக் அச்சுக்குள் போட்டுத் தட்டில் வைத்து ஒரே சீராக அமுக்கி இரண்டு விநாடி பிடித்துத் தூக்குங்கள். மர அச்சு என்றால் உள்ளே அழுத்தி, கவிழ்த்து மேசை ஓரத்தில் இரண்டு பக்கமும் தட்டினால் விழும்.

அவன் 200 டிகிரிக்குச் சூடான பிறகு, கேக்குகளின் மேல் தண்ணீரைப் பனி மாதிரி தெளித்து ஐந்தாறு நிமிடம் வையுங்கள், அச்சு நிலைத்துவிடும். வெளியே எடுத்துப் பத்து நிமிடமாவது ஆறவிட்டு, ஒரு மஞ்சள் கருவில் ஒரு கரண்டி பால் கலந்து வடிகட்டிய முட்டைக் கலவையைப் பிரஷ்ஷில் தொட்டு, கிண்ணத்தின் விளிம்பில் வழித்துவிட்டு, மேல் முகத்தில் மட்டும் ஒரு தடவு. பள்ளங்களில் தேங்கினால் பூவும் எழுத்தும் மூடிப்போய் மேலே மஞ்சள் பற்று மட்டும்தான் தெரியும். முட்டை வேண்டாதவர்கள் பாலில் துளி பாகு கலந்து தடவலாம், பளபளப்பு குறையும், நிறம் வரும். மறுபடி 180 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். பக்கவாட்டில் தொந்தி தள்ளியிருந்தால் பாகு தண்ணியாக இருந்திருக்கும் அல்லது சூடு குறைந்த அவனில் அதிக நேரம் கிடந்திருக்கும்.

இப்போது கடித்துப் பார்த்தால் பிஸ்கெட் மாதிரி கடக் என்று இருக்கும். சரியாக வரவில்லை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நன்றாக ஆறவைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் மூடி வைத்தால் உள்ளே இருக்கிற எண்ணெய் மெல்ல மெல்லத் தோலுக்கு ஏறும், இரண்டாம் நாள் தொட்டால் அமுங்கும், மூன்றாம் நாள் பளபளக்கும். எண்ணெய் திரும்புவது என்று இதைச் சீனர்கள் சொல்வார்கள்.

இவ்வளவு பாடு வேண்டாம் என்கிறவர்களுக்கு ஹாங்காங்கில் பிறந்த ஐஸ் தோல் மூன்கேக் இருக்கிறது, அவனே தேவையில்லை. பசையரிசி மாவு 45 கிராம், பச்சரிசி மாவு 35, சோளமாவு 20, பொடித்த சர்க்கரை 50, பால் 185 மில்லி, எண்ணெய் 20 கிராம், எல்லாம் கலந்து இருபது நிமிடம் ஆவியில் வேகவைத்து, சூடாக இருக்கும்போதே மழமழவென்று பிசைந்து, குளிரவைத்து, வறுத்த பசையரிசி மாவு தூவி அச்சில் அழுத்தி ஃபிரிட்ஜில் வைத்தால் முடிந்தது. இரண்டு மூன்று நாளுக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.

அன்றைய இரவு மேசையில் என்ன வைப்பது

மொட்டைமாடியோ பால்கனியோ, நிலா தெரிகிற பக்கமாக மேசை போடுங்கள். மூன்கேக், பம்பளிமாஸ், மாதுளை, திராட்சை, தாமரை இதழ் மாதிரி வெட்டிய தர்பூசணி, வேகவைத்த சேப்பங்கிழங்கு, ஊதுவத்தி. வட்டமான பழங்களுக்கு முதலிடம். தெற்கே பம்பளிமாஸ் இல்லாமல் மேசை நிறையாது, தோலைக் கிழிக்காமல் உரித்துப் பிள்ளைகள் தலையில் தொப்பியாகக் கவிழ்த்துவிடுவார்கள். சாப்பாட்டில் ஷாங்காய்ப் பக்கம் நண்டு, நான்ஜிங்கில் உப்பு வாத்து, குவாங்டாங்கில் ஆற்று நத்தை. ஒஸ்மாந்தஸ் என்று மஞ்சள் நிறத்தில் பொடிப்பொடியாகப் பூக்கிற மரம் அந்த மாதத்தில்தான் ஊரெல்லாம் மணக்கும், அந்தப் பூ போட்ட மதுவும் அன்றைக்கு உண்டு. தைவானில் இதெல்லாம் போக வீட்டு வாசலில் அடுப்பு வைத்துக் கறி சுடுவது 1980களிலிருந்து பெரிய வழக்கமாகிவிட்டது.

பழைய பெய்ஜிங்கில் ஆண்கள் நிலாவைக் கும்பிடக் கூடாது, பெண்கள் அடுப்புத் தெய்வத்துக்குப் படைக்கக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு. அரண்மனைக்கு மட்டும் இது பொருந்தாது, பேரரசர் நிலாவுக்குப் படைப்பதற்கென்றே 1530இல் கட்டிய கோயில், யுவேதான், இன்றும் பெய்ஜிங்கில் பூங்காவாக இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அங்கே களிமண் முயல் பொம்மை வாங்கித்தருவார்கள், கவசம் போட்டுப் புலிமேல் உட்கார்ந்திருக்கும்.

பிள்ளைகள் இருந்தால் கதையும் சொல்ல வேண்டும். வானத்தில் பத்துச் சூரியன் எரிந்தபோது ஒன்பதை அம்பெய்து வீழ்த்திய ஹோவ் யி, அவனிடமிருந்த சாகா மருந்தைக் குடித்து நிலாவுக்கு மிதந்து போன மனைவி சாங்ஏ, அங்கே உரலில் மருந்து இடிக்கிற முயல். அவள் ஏன் குடித்தாள் என்பதற்கு ஊருக்கு ஒரு காரணம் சொல்வார்கள், திருடன் கையில் கிடைக்கக் கூடாது என்று குடித்ததாகச் சொல்வது பிள்ளைகளுக்கு ஏற்றது. சீனாவின் நிலவுக் கலங்களுக்குச் சாங்ஏ என்றுதான் பெயர், 2013இல் நிலாவில் இறங்கி ஓடிய ஊர்திக்கு யுட்டு, அதாவது அந்த முயல். மங்கோலியரை எதிர்த்துக் கிளர்ச்சி செய்ய மூன்கேக்குக்குள் சீட்டு வைத்து அனுப்பினார்கள் என்ற கதையும் காதில் விழும், கேட்க நன்றாக இருக்கும், வரலாற்றுச் சான்று கிடையாது.

அந்த வாரத்தில் ஹாங்காங்கில் இருக்க நேர்ந்தால் தை ஹாங் பகுதிக்குப் போங்கள். 1880இல் கொள்ளைநோயை விரட்ட ஆரம்பித்தது என்கிறார்கள், வைக்கோலில் கட்டிய 67 மீட்டர் நெருப்பு டிராகன், உடம்பெல்லாம் ஆயிரக்கணக்கில் ஊதுவத்தி செருகி, முந்நூறு பேர் தூக்கிக்கொண்டு சந்து சந்தாக ஓடுவார்கள். சீக்கிரமே போய் இடம் பிடிக்க வேண்டும், புகை ஒத்துக்கொள்ளாதவர்கள் முகக்கவசம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்கேக்கை ஆளுக்கு ஒன்று கொடுத்து முழுதாகக் கடிக்கச் சொல்லாதீர்கள். கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்து, வீட்டில் எத்தனை பேரோ அத்தனை துண்டு, வெளியூரில் இருப்பவருக்கும் ஒரு பங்கு எடுத்து வைக்கிற வழக்கம் உண்டு. கடையில் விற்கிற பெரிய மூன்கேக் ஒன்று 700 கலோரிக்கு மேல் போகும், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கால் துண்டே அதிகம். கூடவே பால் கலக்காத சீனத் தேநீர், பூஏர் அல்லது ஊலாங், இனிப்பையும் எண்ணெயையும் அதுதான் வெட்டும்.

பரிசாகக் கொடுப்பதென்றால் விழாவுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும், முடிந்த பிறகு கொடுத்தால் தள்ளுபடியில் வாங்கியது என்று நினைப்பார்கள், பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். நான்கு என்ற எண்ணுக்கே பயப்படுகிற சீனர்கள் மூன்கேக்கை மட்டும் நாலு நாலாகப் பெட்டியில் போட்டு விற்பதும் வாங்குவதும் எனக்கு இன்னும் வியப்புதான், ஆகவே நீங்களும் தாராளமாக நாலு கொடுக்கலாம். கொடுக்கும்போது "ஜோங்ச்சியு ஜியே குவாய்லெ", அதாவது நடு இலையுதிர்கால விழா வாழ்த்துகள் என்று சொல்லுங்கள். வீட்டில் செய்தது பதனப்பொருள் இல்லாதது, வெளியே ஒரு வாரம், மஞ்சள் கரு வைத்திருந்தால் நாலைந்து நாள், அதற்குமேல் ஃபிரிட்ஜ் என்று பெட்டிமேல் தேதி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.